ஆபரேஷனுக்கு முன் வாய் கொப்பளிக்கச் சொல்வது எதற்கு?

மணலி புதுநகரில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் இரவுகளில் தூக்கம் வராமல் இருக்க, இடது கன்னத்தில் ஹான்ஸ் ஒதுக்கி வைத்துப் பழகியவர். அதே கன்னத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அட்மிஷனுக்கு வரும்போது கொண்டுவர வேண்டிய பொருட்களின் சீட்டில் கடைசி வரி: மவுத்வாஷ், ஒரு பாட்டில்.

"பாதிக் கன்னத்தை எடுக்கப் போறாங்க. அதுக்குப் போயி வாசனை மருந்து எதுக்கு தம்பி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது ஏன் என்று புரிந்துகொள்ள இந்தப் பதிவு உதவினால் போதும்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த பாட்டில் வாசனைக்கு இல்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு கழுத்துக்குள் சீழ் பிடிக்காமல் இருக்கச் செய்யும் பல வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் நம் கையில்தான் இருக்கின்றன, பலருக்கும் அவற்றை யாரும் சொல்வதில்லை.

எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன்?

2022-க்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர். இந்திய ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். தொண்டை, குரல்வளை எல்லாம் தனிக் கணக்கு.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. புகையிலை, பாக்கு, இவை இரண்டும் சேர்ந்த மாவா, குட்கா வகையறா. அதோடு பீடி, சிகரெட், சாராயம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003-லேயே முடிவுக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-ல் தடை வந்தது. கிடைக்காமல் போய்விட்டதா என்பது எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி நிறுத்தும் எல்லோருக்கும் தெரியும்.

வாய்ப் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் ஆபரேஷன்தான். கட்டியை வெட்டி எடுப்பதோடு முடிவதில்லை, கழுத்தையும் திறக்கிறார்கள். வாயிலிருந்து நோய் முதலில் பரவும் இடம் கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகள். கட்டி சிறியதாக இருந்து, கழுத்தில் எதுவும் தட்டுப்படாவிட்டாலும் முன்கூட்டியே நெறிக்கட்டிகளை எடுத்துவிடுவது நல்லதா, பிறகு வந்தால் எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி பல வருடங்கள் இழுபறியாக இருந்தது. தீர்த்து வைத்தது மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை. டாக்டர் அனில் டிகுரூஸ் குழு 2015-ல் வெளியிட்ட முடிவு: முன்கூட்டியே எடுத்தவர்களில் 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80%, காத்திருந்து எடுத்தவர்களில் 67.5%. உலகமே பின்பற்றும் இந்திய ஆய்வு அது.

நம் கதைக்கு இது எதற்கு என்றால், வாயையும் கழுத்தையும் ஒரே நேரத்தில் திறப்பதுதான் தொற்றுப் பிரச்சினையின் ஆரம்பம்.

வாய் என்கிற இடம்

ஆபரேஷன் காயங்களை டாக்டர்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை சுத்தமான காயம். தைராய்டு ஆபரேஷன் அப்படி. கழுத்துத் தோலை மருந்து போட்டுத் துடைத்துத் திறக்கிறார்கள், உள்ளே இருக்கும் சதையில் கிருமி கிடையாது. அதனால் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் சீழ் பிடிக்கும்.

இரண்டாவது வகை, சுத்தமாகத் தொடங்கினாலும் வேலையின் நடுவே வாய், தொண்டை, குடல் மாதிரி கிருமிகள் வாழும் குழாய் ஒன்றைத் திறந்தே ஆக வேண்டிய ஆபரேஷன். வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் இந்த வகை.

ஒரு மில்லி எச்சிலில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் ஒரு கிராமுக்கு 10,000 கோடி வரை. வாயில் வாழக்கூடிய வகைகள் மட்டும் 700-க்கு மேல். நம் வாய்க்குள் இருக்கும்வரை இவற்றால் பெரிய தொந்தரவு இல்லை. எச்சில் கழுவிக்கொண்டே இருக்கிறது, வாயின் உள்தோல் சீக்கிரம் சீக்கிரம் புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் அதே எச்சில், நெறிக்கட்டிகளை எடுத்ததால் கழுத்தில் உண்டான வெற்றிடத்துக்குள் வடிந்தால் கதை வேறு. அங்கே தேங்கிய ரத்தம் இருக்கிறது, கதகதப்பு இருக்கிறது, கழுவி விட எதுவும் இல்லை. நாள் ஒன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதோடு, வெட்டி எடுத்த இடத்தை மூட வேறு சதை வேண்டும். மார்புச் சதையை அதன் ரத்தக் குழாயோடு மேலே திருப்பி வைப்பார்கள். அல்லது முன்கையிலிருந்தோ கெண்டைக்கால் எலும்பிலிருந்தோ எடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் உள்ள ரத்தக் குழாய்களை மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் வாய் திறந்தபடியே இருக்கும்.

சீழ் பிடித்தால் என்ன ஆகும்?

வெளியே இருந்து பார்த்தால் "தையல் பிரிந்துவிட்டது, புண்ணில் கொஞ்சம் சீழ்" என்று தோன்றும். உள்ளே நடக்கக்கூடியவை இவை.

வாய்க்கும் கழுத்துக்கும் நடுவே ஓட்டை விழுந்து, குடிக்கும் தண்ணீரும் எச்சிலும் கழுத்து வழியாக வெளியே வரலாம். இது மூட வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மூக்கில் போட்ட டியூப் வழியாகத்தான் சாப்பாடு. ஒட்டுவைத்த சதையின் ரத்தக் குழாயில் தொற்று ஏறினால் அந்தச் சதையே கருகிப் போகலாம், அப்புறம் இன்னொரு ஆபரேஷன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அதே கழுத்தில்தான் ஓடுகிறது. அதன் சுவரைச் சீழ் அரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது அபூர்வம், ஆனாலும் எந்தத் தலை கழுத்து சர்ஜனும் அதை மறப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் விட, அதிகம் பேரைப் பாதிப்பது வேறொன்று. நாட்கணக்கு.

நோய் கொஞ்சம் முற்றியிருந்தால் ஆபரேஷனோடு சிகிச்சை முடியாது. கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழிகாட்டுதல். தள்ளிப்போகப் போக, கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும் புற்றுச் செல்கள் வளர நேரம் கிடைக்கிறது, பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. வசதிகள் நிறைந்த அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்கு மேல் இந்த 6 வாரக் கெடுவைத் தவறவிடுகிறார்கள் என்று அங்கே செய்த பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆறாத புண்ணின் மேல் கதிர்வீச்சைக் கொடுக்க முடியாது. கழுத்தில் சீழ் வடிந்துகொண்டிருந்தால் டாக்டர் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆக, அந்தச் சீட்டின் கடைசி வரிக்கு இவ்வளவு சம்பந்தம் இருக்கிறது. வாய்க் கிருமி, கழுத்துச் சீழ், தள்ளிப்போகும் கரண்ட், திரும்பி வரும் நோய் என்று ஒரு சங்கிலி.

ஆன்டிபயாடிக் மாற்றிய கணக்கு

1970-கள் வரை இந்த ஆபரேஷன்களில் தொற்று வருவது ஏறக்குறைய வாடிக்கையாக இருந்தது. 1979-ல் அமெரிக்காவில் பெக்கர், பரெல் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் நேரத்தில் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் போட்டவர்களில் 38% பேருக்குத் தொற்று வந்தது. போடாதவர்களில் 87%. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர்! அதற்குப் பிறகு, ஆன்டிபயாடிக் இல்லாமல் இந்த ஆபரேஷனைச் செய்து பார்ப்பதே தர்மம் இல்லை என்றாகிவிட்டது.

அடுத்த கேள்வி, எத்தனை நாள் போடுவது? "அஞ்சு நாள், ஏழு நாள் போட்டால் இன்னும் பாதுகாப்புதானே" என்று நமக்குத் தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உடம்பில் ஏறியிருக்க வேண்டும், பிறகு 24 மணி நேரம் தொடர்ந்தால் போதும் என்று 2017-ல் தலை கழுத்து ஆபரேஷன்களுக்காகப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு மேல் நீட்டினால் தொற்று குறைவதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளர்கின்றன. இந்தியாவில் இது சின்ன விஷயம் இல்லை. 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் நம் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்குகளை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக வெளியிட்ட அறிக்கைக்கு 'சென்னை பிரகடனம்' என்றே பெயர்.

ஊசி மருந்து ரத்தம் வழியாகச் சதைக்குப் போகிறது. எச்சிலில் மிதக்கும் கூட்டத்தையும் பல்லில் அப்பிய படலத்தையும் அது அவ்வளவாகத் தொடாது. அதனால்தான், இவ்வளவு மருந்து வந்தும் பெரிய ஆபரேஷன்களில் இன்னும் பத்தில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரை தொற்று வருகிறது. சர்க்கரை நோய், ரத்தசோகை, உடம்பில் புரதம் குறைவு, ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய கழுத்து இவையெல்லாம் இருந்தால் இன்னும் கூடுதல்.

ரத்தம் வழியாக எட்டாத இடத்தை நேராகவே கழுவிவிடலாமே என்ற யோசனையில்தான் மவுத்வாஷ் உள்ளே வருகிறது.

பாட்டிலுக்குள் என்ன?

நம் ஊர் மருந்துக் கடையில் இதற்காகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு.

ஒன்று குளோர்ஹெக்சிடின், 0.2%. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆய்வகத்தில் உருவானது. பல்லுக்கு இது எவ்வளவு நல்லது என்பதை 1970-ல் டென்மார்க்கில் லோ, ஷியோட் என்ற இருவர் காட்டினார்கள். இதன் மூலக்கூறு நேர்மின்னேற்றம் கொண்டது, பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம். அதனால் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழிக்கிறது. பல்லிலும் வாய்த் தோலிலும்கூட இதே மாதிரி ஒட்டிக்கொண்டு, 12 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும் என்று சொல்வதன் காரணம் இதுதான். இதே ஒட்டும் குணத்தால்தான் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படிகிறது, டீ, காபி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நாக்கின் ருசியும் கொஞ்ச நாள் மாறிப்போகும். இரண்டும் சரியாகிவிடக் கூடியவை.

இன்னொன்று போவிடோன் அயோடின் கார்கிள், 2%. அயோடினைத் தனியாக விட்டால் எரியும், கறையாக்கும். ஒரு பாலிமரோடு கட்டிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் ஏற்பாடு இது. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எல்லாவற்றையும் சீக்கிரம் கொல்லும். ஆனால் குளோர்ஹெக்சிடின் மாதிரி ஒட்டி நிற்காது. ரத்தம், சீழ், சாப்பாட்டுத் துணுக்கு இவற்றோடு கலந்தால் வீரியம் குறையும். தைராய்டு பிரச்சினை, அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சேவ்லான் திரவத்திலும் குளோர்ஹெக்சிடின் இருக்கிறது. புண்ணுக்குப் போடும் சிவப்பு பெட்டாடினிலும் போவிடோன் அயோடின்தான் இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் அவற்றை வாயில் ஊற்றக் கூடாது. கூட இருக்கும் பொருட்களும் அளவும் வேறு. "மவுத்வாஷ்" அல்லது "கார்கிள்" என்று லேபிளில் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

சரி, இது வேலை செய்கிறதா?

இங்கேதான் படிக்கப் படிக்க எனக்கு விஷயம் சுவாரசியமாக ஆனது. கொப்பளித்ததும் எச்சிலில் கிருமி எண்ணிக்கை குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் குறைவதும் தொற்று வராமல் இருப்பதும் ஒன்றல்ல. 10 கோடியில் 90% செத்தாலும் மிச்சம் 1 கோடி இருக்கிறது. அதுவும் சில மணி நேரத்தில் மறுபடி பெருகத் தொடங்கும். ஆபரேஷனோ அதைவிட நீளம்.

இன்னொரு சிக்கல், பல்லில் உள்ள படலம். எண்ணூர் பக்கம் கழிமுகத்தில் படகின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை அடித்தால் போகாது, சுரண்டினால்தான் போகும். பல்லில் உள்ளதும் அப்படித்தான். பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. அந்த அடுக்குக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, மிதக்கும் கிருமிக்குத் தேவையானதைப் போல நூறு மடங்குக்கு மேல்கூட மருந்து தேவைப்படலாம். ஒரு நிமிடக் கொப்பளிப்பு மேலடுக்கைத் தாண்டுவதே கஷ்டம்.

தலை கழுத்து ஆபரேஷனில் நேரடியாகச் செய்த சோதனைகள் இருக்கின்றன. கிருமிநாசினி, ஆன்டிபயாடிக் கலந்த கொப்பளிப்பு என்று 1990-களிலிருந்தே முயன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் சிறிய சோதனைகள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே "மவுத்வாஷ் மட்டும் போட்டால் தொற்று இத்தனை சதவீதம் குறையும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கத்துத் துறையில் என்ன நடந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. 1996-ல் அமெரிக்காவில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட 353 பேரிடம் ஒரு சோதனை. குளோர்ஹெக்சிடினால் வாய் கழுவியவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று 65% குறைந்தது. உடனே உலகம் முழுக்க ஐசியூக்களில் வென்டிலேட்டரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதைப் போட ஆரம்பித்தார்கள். 2014-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இதய ஆபரேஷன் நோயாளிகளுக்குப் பலன் இருந்தது. மற்ற வென்டிலேட்டர் நோயாளிகளுக்குத் தெளிவான பலன் இல்லை, கெடுதல் இருக்குமோ என்ற சந்தேகம்கூட வந்தது. 2022-ல் அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலே மாறியது: வென்டிலேட்டர் நோயாளிக்கு பிரஷ் வைத்துப் பல் தேய்த்துவிடுங்கள், குளோர்ஹெக்சிடின் வேண்டாம் என்று. ஐசியூவும் ஆபரேஷன் தியேட்டரும் ஒன்றல்ல, இந்த முடிவை அப்படியே நம் விஷயத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. ஆனால் மருந்து செய்யாத ஒன்றை பிரஷ் செய்கிறது என்பது கவனிக்க வேண்டியது. சுரண்டல்!

ஜப்பான் இதைத் திட்டமாகவே செய்கிறது. புற்றுநோய் மாதிரி பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பல் டாக்டர் வாயைப் பார்த்துச் சுத்தம் செய்வதை, 2012-ல் அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டார்கள். காரை எடுப்பது, சொத்தையை அடைப்பது, பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பது, நாக்கை வழிப்பது. இப்படிச் செய்துகொண்ட வாய்ப் புற்றுநோய் நோயாளிகளுக்குக் காயத் தொற்று குறைகிறது என்று அங்கிருந்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஏற்பாட்டில் மவுத்வாஷும் உண்டு, கடைசியில்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். சுரண்டி எடுத்த வாயில் மவுத்வாஷ் மிச்சத்தைக் குறைக்கும். சுரண்டாத வாயில் அது மேலே தெளித்த தண்ணீர்.

நம் பக்கத்தில் எங்கே சிக்குகிறது?

சொல்வது சுலபம். வாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் பலருக்கு வாயே திறக்காது. பாக்கு, மாவா போட்டுப் போட்டுக் கன்னத்தின் உள்தோல் நார் மாதிரி இறுகியிருக்கும். இரண்டு விரல் நுழையாத வாயில் பிரஷ் எப்படிப் போகும்? புண் தொட்டால் ரத்தம், எரிச்சல். அதனால் அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டிருப்பார்கள். சரியாக எந்த இடத்தில் கத்தி வைக்கப் போகிறார்களோ, அந்த இடத்தில்தான் அழுக்கு அதிகம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சின்னத் தலை உள்ள குழந்தைகள் பிரஷ், மிருதுவான நார் உள்ளது. அதுவும் போகாத இடத்துக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மவுத்வாஷில் நனைத்த காஸ் துணி. எரிச்சலுக்குப் பயந்தவர்கள் ஆல்கஹால் கலக்காத மவுத்வாஷ் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது சிக்கல், பல் டாக்டர் ஒரு பக்கம், புற்றுநோய் டாக்டர் ஒரு பக்கம். வடசென்னையில் நமக்கு ராயபுரம் ஸ்டான்லி இருக்கிறது. பிராட்வே பக்கம், 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் "ஆபரேஷனுக்கு முன்னாடி பல்லைக் காட்டிட்டு வந்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தால்தான் போவார்கள். எழுதாவிட்டால், "புத்துநோய்க்கே நேரம் இல்ல, இதுல பல்லு வேறயா" என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

பல் டாக்டரைப் பார்ப்பதில் இரட்டை லாபம் உண்டு. கதிர்வீச்சு வாங்கிய தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். அதனால் காப்பாற்ற முடியாத பற்களைக் கரண்ட் வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலையும் அதே நாளில் போட்டுவிடலாம்.

தேதி கொடுத்துவிட்டார்கள் என்றால்

அட்மிஷனுக்கு முன் பெரும்பாலும் சில நாட்களாவது, சில வாரங்களாவது கிடைக்கும். அந்த நாட்களில் செய்யக்கூடியவை:

1. சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: "பல் டாக்டரைப் பார்த்துக் காரை எடுத்துட்டு வரட்டுங்களா டாக்டர்?" சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. கட்டி இருக்கும் இடத்தில் ஆடும் பல்லை, சர்ஜனைக் கேட்காமல் எங்கேயும் போய்ப் பிடுங்கிவிடாதீர்கள்.

3. காலை, இரவு இரண்டு வேளையும் மெதுவாகப் பல் தேய்க்க வேண்டும், நாக்கையும். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் அதையும் தேய்த்து, ராத்திரி கழற்றி வையுங்கள்.

4. மவுத்வாஷ் டாக்டர் எழுதிய அளவில். குளோர்ஹெக்சிடின் என்றால் வழக்கமாக 10 மில்லி, ஒரு நிமிடம். விழுங்கக் கூடாது. உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கவும் கூடாது, ஒட்டியது கழுவிப் போய்விடும். பேஸ்ட்டில் உள்ள நுரைப் பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்யும், அதனால் பல் தேய்த்த பிறகு அரை மணி நேரம் விட்டுக் கொப்பளியுங்கள். முகம் வீங்குவது, தடிப்பு, மூச்சு இழுப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அபூர்வம், ஆனால் வரலாம்.

5. "எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது" என்று சொல்பவர்கள், என்றைக்கு, என்ன ஆனது என்று விவரமாகச் சொல்லுங்கள். சின்ன வயதில் வந்த வயிற்றுப்போக்கை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் மாற்று மருந்து கொடுப்பார்கள். மாற்றாகக் கிளின்டாமைசின் மட்டும் போட்டவர்களுக்கு இந்த ஆபரேஷனில் தொற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மையான ஒவ்வாமை என்றால் கட்டாயம் சொல்லியே ஆக வேண்டும்.

6. சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். முட்டை, பால், பருப்பு என்று புரதம் உள்ளே போக வேண்டும். விழுங்க முடியாவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், டியூப் போட்டாவது உடம்பைத் தேற்றிவிட்டுத்தான் நல்ல சர்ஜன்கள் கத்தி எடுப்பார்கள்.

7. ஹான்ஸ், மாவா, பீடி எல்லாம் இன்றோடு. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே புகையை நிறுத்தினால் காயம் ஆறுவதில் வித்தியாசம் தெரியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தனியாக முடியவில்லை என்றால் அரசின் இலவச எண் 1800 112 356.

ஆபரேஷன் முடிந்து சில நாட்களுக்கு கொப்பளிக்க முடியாது. வாய் முழுக்கத் தையல், மூக்கில் டியூப், கழுத்தில் மூச்சுக் குழாய். வாயால் சாப்பிடவில்லையே, வாயில் என்ன அழுக்கு என்று தோன்றும். சாப்பிடாத வாயில்தான் எச்சில் ஓட்டம் குறைந்து படலம் சீக்கிரம் படியும். நர்ஸ் சொல்லித்தரும் முறையில் வாயைத் துடைத்துவிடுவதும், எச்சிலை உறிஞ்சி எடுப்பதும் பக்கத்தில் இருக்கும் ஆளின் வேலை. தானாக எதையும் செய்யாமல், தையல் எங்கே இருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "உள்ள இருக்குற கிருமி கழுத்துக்குள்ள போயிடாம இருக்கத்தான் அண்ணே, கரண்ட் வைக்கிறது தள்ளிப் போகக் கூடாதுல்ல" என்று மட்டும் சொன்னேன். "இதை அவங்களே சொல்லியிருக்கலாமே" என்றார். வார்டில் ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னது சரிதான். பொருள் சீட்டில் மவுத்வாஷ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், "முதலில் பல் டாக்டரைப் பார்க்கவும், தினமும் இரு வேளை பல் தேய்க்கவும், பிறகு இது" என்று இன்னொரு வரி சேர்க்கச் செலவு ஒன்றும் இல்லை. இதைப் படிப்பவர்களில் வார்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், அந்த வரியைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.